ஆலடிக்குளத்து இரண்டு ஏக்கர்

தள்ளி இருக்கத் தேவையில்லை அக்கா, இடம் காணும். நான் மெல்லிய ஆள்தான். என் வாய்க்குத்தான் தனிச் சீட் வேணும் என்று அம்மா சொல்லுவா.

கொண்டக்டரோடு நான் கதைத்ததைப் பார்த்துப் பயந்துவிட்டீர்கள் போல. நான் சண்டைக்காரி இல்லை. ஒரு கேள்விதான் கேட்டேன். யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில் ஓடுகிற பஸ்ஸில் சிங்களத்தில் மட்டும் அறிவித்தல் ஒட்டியிருக்கிறதே, இதை யார் வாசிக்கிறது? நியாயமான கேள்விதானே? அந்த மனுசன் என்ன சொன்னார்? "தங்கச்சி, அதில புகைக்கக் கூடாது எண்டு கிடக்கு. நீங்கள் புகைக்கிறனீங்களோ?" முழுப் பஸ்ஸும் சிரிக்கிறது. உரிமை எல்லாம் போய்விட்டது, சிரிப்பு மட்டும் போகவில்லை எங்கள் சனத்துக்கு.

இன்றைக்குப் பத்து மணிக்குக் கிளிநொச்சிக் கச்சேரியில், அரசாங்க அதிபரின் கந்தோரில், எனக்கு ஒரு விசாரணை. ஐயோ, அப்படிப் பார்க்காதீர்கள், களவு விசாரணை இல்லை. காணி விசாரணை. ஆலடிக்குளத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. அதை ஒரு அரசாங்கத் திணைக்களம் தன்னுடையது என்கிறது. எந்தத் திணைக்களம் என்று சொல்லமாட்டேன், பஸ்ஸுக்குள் யார் யார் இருக்கிறார்களோ. மஞ்சள் கல் நட்டு, பலகை அடித்து, 'உட்பிரவேசிப்போர் தண்டிக்கப்படுவர்' என்று எழுதியும் விட்டார்கள். என் பெயரில் உறுதிப் பத்திரம் இருக்கிற காணிக்குள் நான் கால் வைத்தால் எனக்குத் தண்டனை! இன்றைக்குள் நாங்கள் ஆதாரம் குடுக்காவிட்டால் காணி போய்விடும். இதைத்தான் அக்கா நான் மூன்று வருடமாகக் கத்துகிறேன். சட்டம் படிக்கிறேன், கம்பஸில் கடைசி வருடம். என் ஆய்வுக்கட்டுரையே 'வடக்கில் நில உரிமை மறுப்பு'தான். நூற்றுப் பன்னிரண்டு அடிக்குறிப்பு. 'ஏ' கிடைத்தது.

காணியின் கதையைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

அம்மாவின் அப்பா அறுபதுகளில் வாங்கியது. வாங்கினாரே ஒழிய ஒரு இரவு அங்கே படுத்தவர் இல்லை. வெறும் காடு. பாம்பும் யானையும். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டில் இருந்து அடிபட்டு வந்த சனத்தில் ஒரு குடும்பத்தை அம்மப்பா கூட்டிக்கொண்டு போய் அதில் இறக்கினார். "இருங்கோ, துப்பரவாக்குங்கோ, காவலாயும் இருங்கோ" என்றார். என்ன பெரிய மனம் பாருங்கோ. அந்த யானைக்காட்டில் இருப்பதற்கு ஒரு சதம் வாடகை கேட்கவில்லை.

சடையன் என்று அந்த மனுசன். மனைவி அங்கம்மா. இரண்டு பேருமாகக் காட்டை வெட்டி, வேலி போட்டு, கிணறு கிண்டி, மாமரம் வைத்தார்கள். கிணறு அவர்கள் கிண்டியதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நிலத்துக்குக் கீழே இருப்பது நிலச் சொந்தக்காரருக்கு. ரோமன் டச்சுச் சட்டம். அப்படி இருந்தும் எங்கள் குடும்பத்தில் ஒருவராவது அங்கம்மாவிடம் "அந்தத் தண்ணியைக் குடியாதை" என்று சொன்னதில்லை. மற்ற இடங்களில் என்னென்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த விசயத்தில் நாங்கள் முற்போக்கான குடும்பம்.

பிறகு சண்டை. ஓடினார்கள், வந்தார்கள், திரும்பவும் ஓடினார்கள். சடையன் ஷெல்லில் போய்விட்டார். எல்லாம் முடிந்து இரண்டாயிரத்துப் பத்தில் அங்கம்மாவும் மகளும் வந்து பார்த்தபோது வீடு இல்லை, வேலி இல்லை, கிணறு மட்டும் கிடந்ததாம். அம்மா யாழ்ப்பாணத்தில் ஒரு கிழமை நித்திரை கொள்ளவில்லை. மாமரங்கள் தப்பினதோ இல்லையோ என்று ஒரு தகவலும் இல்லை.

அப்போதுதான் வீட்டுத்திட்டம் வந்தது. கல்வீடு கட்டக் காசு குடுக்கிறார்கள். ஆனால் காணி தன் பெயரில் இருக்க வேணும். இல்லாவிட்டால் காணிக்காரர் சம்மதக் கடிதம் ஒன்று குடுக்க வேணும். எனக்கு அப்போது பத்து வயது. அங்கம்மா ஒரு உரப்பை மாங்காயைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் குசினிப் பக்கமாக வந்து நின்றதை இன்னும் கண்ணுக்குள் வைத்திருக்கிறேன்.

"ஒரே ஒரு கடுதாசிம்மா. கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்தீங்கன்னா போதும். மத்தத எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்களாம்."

"கடிதமோ? கனடாத் தம்பியைக் கேக்காமல் நான் என்னெண்டு குடுக்கிறது?"

காணி அம்மாவுக்கும் கனடாவில் இருக்கிற குகதாசன் மாமாவுக்கும் பாதிப் பாதி. அம்மா உடனே போன் எடுத்தா. மாமா ஒரு வசனம்தான் சொன்னார். "அக்கா, தகரம் எண்டால் கழட்டலாம், கல்வீடு எண்டால் கழட்டேலாது."

விளங்குகிறதுதானே? சட்டரீதியாக அது மிகச் சரியான கருத்து. கடிதம் குடுக்கவில்லை. அதற்காக அங்கம்மாவை வெறுங்கையோடும் அனுப்பவில்லை. பாணும் சம்பலும் குடுத்து, ஒரு சேலையும் குடுத்துத்தான் அனுப்பினா அம்மா. பெரிதாகக் கிழியாத சேலை. பக்கத்துக் காணிக்காரர் எல்லாருக்கும் கல்வீடு வந்தது. அங்கம்மா தகரக் கொட்டிலில் இருந்தா. உறுதி இல்லாத சனம் அப்படித்தான் அக்கா எல்லா இடத்திலும் விடுபட்டுப் போகிறது. என் கட்டுரையில் இரண்டாம் அத்தியாயம் முழுக்க அதுதான்.

மாமாவுக்கு இரக்கம் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்காக அவர் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அதே வருடம் அவர் அங்கே வீடு வாங்கப் போயிருக்கிறார். ஒரு நல்ல தெரு, அவருக்குப் பிடித்துவிட்டது. தரகர் இவருடைய பெயரைக் கேட்டுவிட்டு, "அந்தத் தெருவில் ஒன்றும் விற்பனைக்கு இல்லை, உங்கள் ஆட்கள் எல்லாம் மற்றப் பக்கம்தான் இருக்கிறார்கள்" என்றாராம். இவரோடு வேலை செய்கிற வெள்ளைக்காரன் போய்க் கேட்டதற்கு அதே தெருவில் மூன்று வீடு காட்டியிருக்கிறார். மாமா விடவில்லை. முறைப்பாடு எழுதி, ஆட்களைக் கூட்டி, கடைசியில் அதே தெருவில் வீடு வாங்கினார். "தோலைப் பாத்துக் காணி விக்கிற உலகம் உருப்படுமோ பிள்ளை?" என்று போனில் அழுதார். அம்மாவும் அழுதா. எனக்கு உரிமைகளில் ஆர்வம் வந்தது அந்த அழுகையைக் கேட்டுத்தான்.

சரி, கதைக்கு வருகிறேன். அங்கம்மாவின் மகள் கோகிலவாணி. அவா நன்றாகப் படித்து, கம்பஸ் போய், கணித ரீச்சராக ஆலடிக்குளம் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டா. போன வருடம் அவா என்ன செய்தா தெரியுமோ? வங்கியில் கடன் ஒழுங்குபண்ணிக்கொண்டு நேரே மாமாவுக்குப் போன் எடுத்து, "உங்கட பாதியை எனக்கு விப்பீங்களா சேர்?" என்று கேட்டுவிட்டா. மாமாவுக்கு அப்போது பேஸ்மென்ட் திருத்துகிற வேலை. சந்தை விலைக்குச் சரி என்றுவிட்டார்.

வீட்டில் பெரிய பிரளயம். நான் யார் பக்கம் நின்றேன் சொல்லுங்கோ? ரீச்சர் பக்கம்!

"எங்கட காணியைத் தோட்டக்காட்டாருக்கு எழுதுறதோ?" என்றா அம்மா.

"அம்மா, அந்தச் சொல்லை இந்த வீட்டில ஆரும் பாவிக்கக் கூடாது. அது இழிவான சொல். மலையக மக்கள் எண்டு சொல்லுங்கோ."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தா. "சரி. மலையக மக்களுக்கு எங்கட காணியை எழுதேலாது."

அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமோ? ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனுசி ஒரு சொல்லை மாற்றுவது என்றால் சின்ன விசயமோ? மாற்றம் வீட்டில் இருந்துதான் தொடங்க வேணும்.

பிறகு அப்பா வந்து பக்கத்தில் இருந்தார். அப்பா ஓய்வு பெற்ற தபால் அதிபர், குரல் உயர்த்தமாட்டார். "பிள்ளை, அம்மாவின்ர பாதி உனக்கெண்டுதான் கிடக்கு. வேலிக்கு அங்கால ஆர் இருக்கினம் எண்டு நாளைக்கு வாற மாப்பிள்ளை வீட்டார் கேக்கமாட்டினமோ?" நான் விடவில்லை. "அப்பா, இது பிற்போக்குத்தனம்" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். ஒன்றரை மணித்தியாலம் வாதாடினேன். வாதத்தில் நான்தான் வென்றேன். அப்பாவே ஒத்துக்கொண்டார்.

அடுத்த நாள் கம்பஸில் தேசவழமைச் சட்டம் நடந்தது. எங்கள் வடக்குத் தமிழருக்கே உரிய வழமைச் சட்டம் அக்கா, உலகத்தில் வேறு எங்கேயும் கிடையாது. அதில் ஒரு விதி: பங்குக் காணியை வெளியாளுக்கு விற்கிறதென்றால் முதலில் பங்காளிக்கு அறிவிக்க வேணும். பங்காளி அதே விலைக்கு வாங்க விரும்பினால் அவருக்குத்தான் முதல் உரிமை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இப்படி ஒரு அருமையான சட்டத்தை ஒருத்தரும் பாவிக்காமல் விட்டுவிட்டு, அழிந்துபோகிறது, பறிக்கிறார்கள் என்று கூட்டம் போட்டு என்ன பிரயோசனம்?

அன்றிரவே அம்மாவின் சார்பில் ஆட்சேபக் கடிதம் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் சட்டக் கடிதம். நான் ரீச்சரை எதிர்க்கவில்லை, கவனியுங்கோ. சட்டத்தை ஆதரித்தேன். இரண்டும் வேறு.

ரீச்சர் போன் எடுத்தா.

"சாம்பவி, இதில 'வெளியாள்' எண்டு எழுதியிருக்கிறீங்க."

"ஓம் ரீச்சர். அது சட்டப் பதம்."

"நான் அந்தக் காணிக்குள்ளதான் பிறந்தனான்."

"தனிப்பட எடுக்காதீங்கோ ரீச்சர். சட்டத்தில பிறந்த இடம் முக்கியமில்லை."

"கணக்கில மாதிரித்தான் போல. நிபந்தனையை ஆர் எழுதுறானோ, விடை அவனுக்குத்தான்" என்றுவிட்டு வைத்துவிட்டா. படித்த ஆள்தானே, சட்டத்தை ஏற்றுக்கொள்ளும் பக்குவம் வேணும்.

அப்பா ஓய்வூதியக் காசைப் போட்டு மாமாவின் பங்கை வாங்கி, இரண்டு ஏக்கரையும் என் பெயரில் எழுதிவிட்டார். சீதனம் இல்லை! சீதன எதிர்ப்புக் கூட்டத்தில் கதைத்தவள் நான். இது பெற்றோர் அன்பாக எழுதியது. இரண்டு கிழமை கழித்து மாப்பிள்ளை வீட்டார் வந்து உறுதியை வாங்கிப் பார்த்தது தற்செயல்.

அங்கம்மாவையும் ரீச்சரையும் காணியை விட்டு எழும்பச் சொல்லுகிற அறிவித்தலைத் தபாலில் போடலாம் என்று அப்பா சொன்னார். நான் விடவில்லை. மனிசருக்கு மரியாதை குடுக்க வேணும், நேரே கொண்டுபோய்க் குடுக்கிறதுதான் பண்பு. அதோடு என் கட்டுரைக்கும் காணியற்றவர்களோடு நேர்காணல் தேவைப்பட்டது. ஒரே பயணத்தில் இரண்டு வேலை. அங்கம்மாவிடம் அறிவித்தலைக் குடுத்துவிட்டு, ரெக்கோடரைப் போட்டுக் கேட்டேன்: "நில உரிமை இல்லாமை உங்கட வாழ்க்கையை எப்பிடிப் பாதிக்குது?"

அங்கம்மா கையில் இருந்த கடதாசியைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. "இப்பிடித்தான் பாப்பா" என்றா.

அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன எழுதுகிறது? 'பதிலளித்தவர் இலக்கம் ஏழு விரிவான பதிலளிக்க விரும்பவில்லை' என்று போட்டேன்.

மூன்றாம் மாதம் போய்விட்டார்கள். எங்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை. தகரம், கதவு, கப்பி, எல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாமா சொன்னது சரிதான், கழட்டலாம். ஆனால் நாற்பது வருடம் இருக்கவிட்டதற்கு ஒரு நன்றி? எதிர்பார்த்துச் செய்யவில்லை. இருந்தாலும் அக்கா, மனிசர்தானே நாங்களும்.

அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்குப் பரீட்சை, அப்பாவுக்கு முழங்கால். வன்னி மண் உங்களுக்குத் தெரியும்தானே, ஒரு மழை போதும். ஆறு மாதத்தில் நாயுருவியும் பற்றையும் ஆள் உயரம். யாரோ படம் எடுத்து அனுப்பினார்கள்: மஞ்சள் கல், பலகை. திணைக்களம் சொல்கிறது, இது என்றைக்கும் காடாகவே இருந்த நிலமாம், மனித நடமாட்டமே இல்லையாம்! உறுதியைக் காட்டினேன். உறுதியில் சொல்லியிருக்கிற எல்லை வேறாம், இந்தத் துண்டு வேறாம். ஆட்கள் இருந்து ஆண்ட காணி என்று நிரூபியுங்கோ என்கிறார்கள்.

நிரூபிக்கிறது என்றால்? வீடு முழுக்கத் தேடினோம். ஒரே ஒரு படம் கிடைத்தது. அப்பா மாமரத்தடியில் சாக்கோடு நிற்கிறார். கிராம சேவையாளரிடம் கொண்டுபோனேன். நல்ல மனுசன், கண்ணாடியைப் போட்டு நன்றாகப் பார்த்தார்.

"மரத்தில ஏறி நிக்கிறது ஆர்?"

"அது அங்கம்மா. மாங்காய் பிடுங்குறா."

"இந்தப் பின்னால கொட்டில்?"

"அதுவும் அங்கம்மாவின்ர."

"அப்ப ஐயா?"

"அப்பா மாங்காய் எடுக்க வந்தவர்."

அந்த மனுசன் படத்தைத் திருப்பித் தந்தார். "தங்கச்சி, என்ர பதிவில அந்தக் காணியில இருந்ததெண்டு ஒரு குடும்பம்தான் கிடக்கு. வாக்காளர் இடாப்பிலயும் அவைதான். அவையைப் போய்ப் பிடியுங்கோ."

ஆக, நேற்றுப் போனேன். கௌரவம் பார்க்கவில்லை. நிலத்துக்காக எங்கள் சனம் எவ்வளவோ செய்திருக்கிறது, நான் ஒரு ஓட்டோ பிடித்துப் போவதற்கு என்ன? ரீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு அறை வாடகைக்கு எடுத்திருக்கிறா. தாயும் மகளும் ஒரு அறையில்.

அங்கம்மா என்னைக் கண்டதும், "வாங்க பாப்பா, இருங்க. மாமரம் இந்த வருசம் நல்லா காய்ச்சிருக்குமே, யாரு பறிக்கிறா?" என்று கேட்டா.

"ஒருத்தரும் இல்லை. திணைக்களம் உள்ள விடுகுதில்லை."

"அய்யய்யோ" என்று நெஞ்சில் கை வைத்தா. "அப்ப ஒங்களையும் எழுப்பிட்டாங்களா?"

உண்மையாகவே கவலைப்பட்டா அக்கா. தேத்தண்ணி ஊத்தித் தந்தா. நான் குடித்தேன். என்னிடம் அந்தப் பேதம் எல்லாம் இல்லை.

ஒரு சத்தியக் கடதாசி ஏற்கனவே ரைப் பண்ணிக்கொண்டு போனேன், அவர்களுக்குச் சிரமம் குடுக்கக்கூடாதே. 'மேற்படி காணியில் நாம் உறுதிக்காரரின் வேலையாட்களாகவும் அவர்களது அனுமதியுடனும் குடியிருந்தோம். எமக்கு அதில் எவ்வித உரித்தும் இல்லை, இனிமேல் கோரவும் மாட்டோம்.' கடைசி வசனம் ஒரு முழுமைக்காகச் சேர்த்தது.

ரீச்சர் வாசித்தா. மேசையில் கிடந்த சிவப்புப் பேனையை எடுத்தா. எனக்கு ஏனோ பத்தாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது.

"வேலையாட்கள் எண்டு போட்டிருக்கிறீங்க. சம்பளம் எவ்வளவு குடுத்தனீங்க?"

"சம்பளம்... குடுக்கேல்லைத்தானே ரீச்சர்."

வெட்டினா. "அனுமதி எண்டு போட்டிருக்கிறீங்க. அனுமதிக் கடிதம் எங்க? வீட்டுத்திட்டத்துக்கு அம்மா கேட்டு வந்தவ. குடுத்தனீங்களா?"

"அது மாமா..."

வெட்டினா. "உரித்து இல்லை எண்டு போட்டிருக்கிறீங்க. அது ஏற்கனவே உங்கட மற்றக் கடிதத்தில இருக்கு. ஒரே விடையை ரெண்டு தரம் எழுதினா ரெண்டு புள்ளி வராது." அதையும் வெட்டினா. கடைசியில் திகதி மட்டும் மிஞ்சியது.

"என்ன கோகிலா, வந்த புள்ளையப் போட்டுக் கேலி பண்ணுற?" என்றா அங்கம்மா. ரீச்சர் சிரிக்கவில்லை. ஒரு கொப்பித் தாளைக் கிழித்து, நிமிராமல் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டா. தாயிடமும் நீட்டினா. அங்கம்மா பெருவிரல் வைக்கவில்லை அக்கா, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டா. எனக்கு அதுவே ஆச்சரியம்.

"நாளைக்கு உங்களுக்குப் பத்து மணி விசாரணை. என்னை ஆரும் கூப்பிடேல்லை, கூப்பிடாத இடத்துக்கு நான் போனா உள்ள விடமாட்டினம்" என்றா ரீச்சர். "உறுதிக்காரி நீங்க குடுத்தா வாங்குவினம். குடுக்கிறதும் விடுறதும் உங்கட விருப்பம். ஆனா அப்பா வெட்டின காட்டை, அது காடாவே கிடந்தது எண்டு எழுத விட எனக்கு ஏலாது."

இதுதான் அந்தக் கடிதம். வாசிக்கிறேன், கேளுங்கோ.

'என் தந்தை சடையனும் தாய் அங்கம்மாவும் 1977 முதல் ஆலடிக்குளத்தில் இந்தக் காணியில் குடியிருந்தார்கள். காட்டை வெட்டியவர்களும் கிணறு கிண்டியவர்களும் மரம் நட்டவர்களும் அவர்கள். நான் அங்கே பிறந்தேன். யுத்தத்தில் இடம்பெயர்ந்த காலம் தவிர, எழும்பச் சொல்லும் வரை அங்கேயே இருந்தோம். உறுதிக்காரர் நான் அறிய மூன்று முறை வந்தார்கள். இரண்டு முறை மாங்காய்க்கு. ஒரு முறை அறிவித்தல் தருவதற்கு. இந்தக் காணி காடாகக் கிடக்கவில்லை. இதில் ஆட்கள் இருந்தார்கள்.'

பார்த்தீர்களோ? இரவு முழுக்க வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தேன், எங்கேயாவது ஒரு பொய் இருந்தால் பிடிக்கலாம் என்று. ஒரு பொய் இல்லை. அதுதான் கரைச்சல். பொய் என்றால் நான் உடைத்துவிடுவேன், எனக்கு அதில்தான் பயிற்சி.

இதைக் குடுத்தால் திணைக்களத்தின் வாய் மூடும். காடு என்ற கதை அதோடு சரி. ஆனால் அடுத்த நிமிடம் அந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்துக் கேட்பார்: "அப்ப இருந்தது இவையோ? எத்தனை வருசம்?" பத்து வருடம் நிலத்தை ஆண்டு இருந்தவனுக்கு அதில் உரித்து வரும் என்று இரண்டாம் வருடத்திலேயே படிப்பித்துவிட்டார்கள், அக்கா. அதில் 'அப்படி இல்லை' என்று வாதாட ஆயிரம் வழி இருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தை என் கையாலேயே நீட்டிவிட்டு எந்த வாயால் வாதாடுகிறது? கடிதம் குடுத்தால் காணி அவர்களுக்குப் போகப் பார்க்கும். குடுக்காவிட்டால் திணைக்களத்துக்கு நிச்சயம் போகும்.

கொடிகாமத்தில் அம்மா போன் எடுத்ததைக் கேட்டிருப்பீர்கள். அம்மா ஒரே பிடி. "குடாதை. அரசாங்கம் எடுத்தால் எடுக்கட்டும்."

"அம்மா, அது அநியாயம் எல்லோ? அதுக்கு எதிராத்தானே நான் எழுதினனான்?"

அதற்கு அம்மா சொன்ன பதிலுக்கு நான் இன்னும் எதிர்வாதம் கண்டுபிடிக்கவில்லை. ஆனையிறவு தாண்டியும் தேடிக்கொண்டிருக்கிறேன். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தின மனுசி. என்ன சொல்லுறா பாருங்கோ: "அரசாங்கம் எடுத்தால் நாங்கள் காணி பறிகுடுத்த ஆக்கள். ஊர் உலகமே எங்களோட நிக்கும். இவை எடுத்தால் நாங்கள் ஆர், பிள்ளை?"

எந்த விரிவுரையாளரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

பரந்தன் வந்துவிட்டது. இனிக் கிளிநொச்சிதான். நீங்கள் எதுவரைக்கும் போகிறீர்கள்? வவுனியாவோ? நல்லதாய்ப் போயிற்று. அப்ப எனக்கு ஒரு சின்ன உதவி செய்யுங்கோ. இந்தக் கடிதத்தை நீங்கள் கொண்டுபோங்கோ. ஐயோ, எறிய வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். ஒரு பொய்யும் இல்லாத கடிதத்தைக் கிழிக்க எனக்கு மனச்சாட்சி விடாது. நீங்கள் சும்மா உங்கள் பைக்குள் வைத்திருங்கோ, போதும். திருப்பித் தரத் தேவையில்லை.

ஏனென்றால் அந்த அதிகாரி கட்டாயம் கேட்பார்: "குடியிருந்தவையிட்டை இருந்து ஏதும் கடிதம் கைவசம் இருக்கோ?" நான் இல்லை என்று சொல்ல வேணும். சொல்லும்போது அது உண்மையாக இருக்க வேணும் அக்கா. நான் நியாயத்துக்காக நிற்கிற ஆள், பொய் சொல்லமாட்டேன். இந்தாங்கோ, பிடியுங்கோ. பிடியுங்கோ அக்கா, பஸ் நிற்கப் போகிறது.